அப்ரூவர் அல்லாபிச்சை

நடிகர் செண்பகராஜ் மீது கொலை வழக்கு நடந்த நாட்களில், பத்திரிகைக்காரர்கள் கோவில்பட்டி ரயிலடியில் வந்து இறங்கியதும் டாக்ஸி டிரைவர்களிடம்தான் முதலில் விசாரிப்பார்கள். வழக்கின் அப்ரூவர் அந்த டிரைவர்களில் ஒருவராக இருந்தவர் என்பது அவர்களுக்குத் தெரியும்.

"அல்லாபிச்சையா? நல்ல மனுசன்தான். இப்பிடி ஏன் சொல்லுதாம்னுதான் எங்களுக்குப் புரியல" என்பார்கள் டிரைவர்கள். அதற்கு மேல் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். ஏனென்றால் அவர்களில் பாதிப் பேருடைய கார்க் கண்ணாடியில் செண்பகராஜின் படம் ஒட்டியிருந்தது.

அல்லாபிச்சையின் காரிலும் ஒட்டியிருந்ததுதான். பஸ் கம்பெனி ஒன்றில் கிளீனராகச் சேர்ந்து வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டவர் அவர். பிறகு ஒரு பஞ்சு வியாபாரியின் கறுப்பு லேண்ட்மாஸ்டர் காரை வாடகைக்கு ஓட்ட வந்தார். கல்யாண வீடுகளுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கமிஷன் கடைக்காரர்களின் பயணங்களுக்கும் அந்த கார் போகும். அதிர்ந்து பேசமாட்டார். காரில் போகிறவர்கள் பேசுவதைக் காதில் போட்டுக்கொள்ளவும் மாட்டார். பள்ளிவாசல் தெருவில் ஒரு வாடகை வீடு. மனைவி ஜரினா வீட்டிலிருந்தபடியே தீப்பெட்டி ஆபீசுக்குப் பெட்டி ஒட்டிக் கொடுப்பாள். பதருன்னிசா என்று ஒரே மகள். அவள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருஷம்தான் இதெல்லாம் நடந்தது.

செண்பகராஜ் விளாத்திகுளம் பக்கம் ஆடு மேய்க்கிற குடும்பத்தில் பிறந்தவர். கோயில் கொடை விழாக்களில் ஸ்பெஷல் நாடகம் ஆடி, குரலால் பேர் வாங்கி, மெட்ராசுக்குப் போய் சினிமாவில் நிலைத்து நின்றுவிட்டார். ஆனாலும் வருஷம் தவறாமல் சொந்த ஊர் கொடைக்கு வந்து ஒரு நாடகம் போடுவார். ரயிலை விட்டு இறங்கியதும், "அல்லாபிச்சை அண்ணாச்சி வண்டி எங்க?" என்றுதான் கேட்பார். பேரைச் சொல்லி அவர் கேட்பதை டாக்ஸி ஸ்டாண்டே வேடிக்கை பார்க்கும். ஒரு தடவை காரை வீட்டு வாசலில் நிறுத்தி ஜரினாவிடம் ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தார். அந்தச் செம்பை அவள் பிறகு புழங்கவே இல்லை. அலமாரியில் எடுத்து வைத்துவிட்டாள்.

அந்த வருஷம் ஐப்பசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. செண்பகராஜ் நாடகம் முடிந்த மறுநாள் குளத்தூருக்குப் போய்விட்டு மத்தியானத்துக்கு மேல் கோவில்பட்டிக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். காரில் அவரோடு இரண்டு பேர். ஒருவர் அவருடைய மைத்துனர் சுந்தரபாண்டி. செண்பகராஜின் கணக்குவழக்கு, கால்ஷீட்டு எல்லாம் அவர் கையில்தான். இன்னொருவர் நாடக ஏஜெண்ட் பூவனலிங்கம், குளத்தூர்க்காரர். செண்பகராஜை முதன்முதலில் மேடையேற்றியவர் தான்தான் என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொள்வார். அடுத்த வருஷத்து நாடகங்களை வேறொரு ஏஜெண்டுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்திருந்தது. விளாத்திகுளம் வரும்வரை முணுமுணுத்துக்கொண்டு வந்தவர், விளாத்திகுளம் தாண்டியதும் குரலை உயர்த்தினார்.

ரோட்டை ஓடைத் தண்ணீர் அறுத்துக்கொண்டு போயிருந்தது. சுற்றிப் போகலாம் என்று வண்டிப் பாதையில் காரை இறக்கினார் அல்லாபிச்சை. கரிசல் மண் மழையில் நனைந்தால் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் வேறு வழி இருக்கவில்லை. கொஞ்ச தூரத்திலேயே பின் சக்கரம் அச்சுவரை இறங்கிவிட்டது. புஞ்சைப் பொழியோரம் அடுக்கியிருந்த காய்ந்த பருத்திமாரை அள்ளிக்கொண்டு வந்தார். ஜாக்கியைக் கொடுத்து காரைத் தூக்கினார். ஜாக்கிக் கம்பியைக் கழற்றி மட்கார்டு மேல் வைத்துவிட்டு, பின் சக்கரத்துக்கு அடியில் படுத்து, சேற்றைக் கையால் வாரி எறிந்து மாரைத் திணித்தார்.

மூன்று பேரும் காருக்கு அந்தப் பக்கம் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். மழைச் சத்தத்தில் பாதி வார்த்தைதான் கேட்டது. பிறகு நனைந்த மூட்டையைப் போட்டது போல ஒரு சத்தம். மறுபடியும் ஒன்று. அதன் பிறகு செண்பகராஜின் குரல். "போதும்டே, விடு."

அல்லாபிச்சை தவழ்ந்து வெளியே வந்து எழுந்து பார்த்தபோது பூவனலிங்கம் சேற்றில் குப்புறக் கிடந்தார். ஜாக்கிக் கம்பி பக்கத்தில் கிடந்தது. மச்சானும் மைத்துனரும் இரண்டு பக்கமும் நின்றார்கள். இருவர் கையிலும் சேறு. இருவர் முகத்திலும் ஒரே மாதிரி பயம்.

"அண்ணாச்சி, காலைப் பிடிங்க" என்றார் செண்பகராஜ்.

அல்லாபிச்சை காலைப் பிடித்தார். ஏன் பிடித்தோம் என்று பிற்பாடு அவர் எத்தனையோ முறை தன்னையே கேட்டுப் பார்த்தார். பயம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்த நிமிஷத்தில் பயம்கூட வரவில்லை. காரில் வந்தவர்கள் ஒரு பெட்டியைத் தூக்கச் சொன்னால் எப்படிக் கை தானாகப் போகுமோ அப்படிப் போய்விட்டது. மூன்று பேருமாக ஓடைக்குக் கொண்டுபோய் வெள்ளத்தில் விட்டார்கள். மாரின் பிடிமானத்தில் கார் வெளியே வந்தது. அதே மழையில் கோவில்பட்டி வந்து சேர்ந்தார்கள்.

சில நாளில் பூவனலிங்கத்தின் உடல் கீழ்ப்பக்கத்துக் கண்மாயில் கரையொதுங்கியது. குளத்தூரில் அவரை காரில் ஏற்றிக்கொண்டு போனதை ஊரே பார்த்திருந்தது. மெட்ராசில் செண்பகராஜையும் சுந்தரபாண்டியையும் கைது செய்த அன்றே டாக்ஸி ஸ்டாண்டில் வைத்து அல்லாபிச்சையையும் பிடித்துவிட்டார்கள்.

இந்த வழக்குக்கென்று ஒரு இன்ஸ்பெக்டரை வெளியூரிலிருந்து கொண்டுவந்திருந்தார்கள். அல்லாபிச்சை நடந்ததை நடந்தபடியே அவரிடம் சொன்னார். அடி விழுந்தது. மறுபடியும் அதையே சொன்னார். இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"ஏலே, கொலை நடக்கும்போது நீ சக்கரத்துக்கு அடியில படுத்திருந்தேன்னு சொன்னா எந்த ஜட்ஜ் நம்புவாரு? கம்பி உன் கம்பி. வண்டி உன் வண்டி. பிணத்தைத் தூக்கினவன் நீ. மூணு பேரும் சேந்து செஞ்சீங்கன்னு எழுதிட்டுப் போயிருவேன். மூணு கயிறு."

இன்ஸ்பெக்டர் இன்னும் கிட்டே குனிந்தார்.

"அப்ரூவரா வந்திரு. கண்ணால பாத்தேன், செண்பகராஜ்தான் அடிச்சாருன்னு சொல்லு. சர்க்கார் உன்னை மன்னிச்சிரும். அந்த 'போதும்டே'யை மட்டும் விட்டுரு. அதைச் சொன்னா மைத்துனன்தான் அடிச்சான், இவரு தடுத்தாருன்னு ஆக்கிருவாங்க."

"நான் பாக்கலையே ஐயா."

"பாத்திருப்ப. பயத்துல மறந்திருப்ப. யோசிச்சுப் பாரு."

யோசிக்கப் போதுமான நாட்கள் கொடுத்தார்கள். சாப்பாடும் கொடுத்தார்கள், தூங்கத்தான் விடவில்லை. கடைசியில் அல்லாபிச்சை சரி என்றார். மாஜிஸ்திரேட் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். வயதான மாஜிஸ்திரேட். கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"உனக்குத் தெரிந்த உண்மை முழுவதையும், எதையும் மறைக்காமல், கோர்ட்டில் சொல்ல வேண்டும். சொன்னால் இந்த வழக்கில் உனக்கு மன்னிப்பு. மறைத்தாலோ பொய் சொன்னாலோ மன்னிப்பு போய்விடும். இதே குற்றத்துக்கு உன்னை விசாரிப்பார்கள். நீ இங்கே சொன்னதையே உனக்கு எதிராகக் காட்டுவார்கள். சம்மதமா?"

"சம்மதம் ஐயா" என்றார் அல்லாபிச்சை. மன்னிப்பு என்ற வார்த்தை மட்டும்தான் அவர் காதில் நின்றது. வாக்குமூலத்தில் கைநாட்டு வைத்துவிட்டு, "அப்ப நான் வீட்டுக்குப் போகலாமா ஐயா?" என்று கேட்டார்.

பக்கத்தில் நின்ற குமாஸ்தா சிரித்துவிட்டார். மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. "மன்னிப்புப் பெற்றவனை விசாரணை முடியும்வரை காவலில்தான் வைக்க வேண்டும். சட்டம் அப்படி" என்றார்.

அதுதான் அல்லாபிச்சைக்குக் கடைசிவரை விளங்காமல் போன சட்டம். செஷன்ஸ் கோர்ட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் கீழ்க்கோர்ட்டில் நடந்த விசாரணையில் அவர் கூண்டேறி, சொல்லிக்கொடுத்தபடியே, செண்பகராஜ் கம்பியை ஓங்கி அடித்ததைப் பார்த்தேன் என்று சத்தியம் செய்து சொன்னார். அதற்குக் கொஞ்ச நாளில் மெட்ராஸ் ஹைகோர்ட்டு செண்பகராஜை உடம்புக்கு முடியவில்லை என்ற காரணத்தின் பேரில் ஜாமீனில் விட்டது. அடுத்தபடியாக சுந்தரபாண்டிக்கும் ஜாமீன் கிடைத்தது. கொலை செய்ததாக வழக்கு இருந்தவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மன்னிக்கப்பட்டவர் ஜெயிலில் இருந்தார்.

அங்கும் மற்ற கைதிகளோடு சேர்த்து வைக்கவில்லை. ஆள் வைத்துச் சாட்சியைக் கலைத்துவிடுவார்கள் என்று ஒரு மூலைக் கொட்டடியில் தனியாக அடைத்தார்கள். சாப்பாடு தனி, குளியல் தனி, காலார நடக்கும் நேரமும் தனி. வேலையும் கொடுக்கவில்லை, ஏனென்றால் அவர் தண்டனைக் கைதி இல்லை. சோறு கொண்டுவரும் வார்டர் ஒருவர் செண்பகராஜின் பெரிய ரசிகர். தட்டைக் கம்பிக்கு அடியில் காலால் தள்ளிவிட்டு, "அவர் குரலை நசுக்கப் பாத்த பாவி" என்பார். மதிலுக்கு அப்பால் ஏதோ கல்யாணத்தில் ஒலிபெருக்கி வைத்தால் செண்பகராஜின் பாட்டுத்தான் கேட்கும். நல்ல பாட்டுத்தான். அல்லாபிச்சைக்குப் பிடித்த பாட்டு. காதைப் பொத்திக்கொள்வதா கேட்பதா என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார்.

ஜரினாவின் வீட்டு ஓட்டில் முதலில் கல் விழுந்தது. பிறகு தீப்பெட்டி ஆபீசில் அவளுக்குப் பெட்டி கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். கேட்டதற்கு, "மத்த பொம்பளையெல்லாம் சங்கடப்படுதாங்க" என்றார் கணக்கர். பள்ளிக்கூடத்தில் பதருன்னிசாவை யாரும் பக்கத்தில் உட்கார விடவில்லை. ஜரினா அலமாரியிலிருந்த செம்பை எடுத்துப் பாத்திரக்காரனுக்குப் போட்டாள். வீட்டைக் காலி செய்துகொண்டு, விளாத்திகுளத்தில் துணிக்கடை வைத்திருந்த தன் அண்ணன் சேக் முகம்மது வீட்டுக்குப் போய்விட்டாள்.

அங்கிருந்து பஸ் மாறி பஸ் ஏறி ஜெயிலுக்கு வருவாள். இரண்டு கம்பி வலைக்கு நடுவே ஆள் நடக்கிற அளவு இடைவெளி இருக்கும். அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் அவர், நடுவில் வார்டர். ஒரு நாள் வார்டர் பீடி பற்றவைக்கக் கொஞ்சம் தள்ளிப் போனார். ஜரினா வலையில் முகத்தை ஒட்டிக்கொண்டு கேட்டாள்.

"நெசமாவே நீங்க பாத்தீங்களா?"

அல்லாபிச்சை அவளைப் பார்த்தார். இதை அவள் இதுவரை கேட்டதே இல்லை.

"இல்ல" என்றார்.

அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

"ரெண்டு பேர்ல யாருன்னு எனக்குத் தெரியாது ஜரினா. நான் சக்கரத்துக்கு அடியில கிடந்தேன். சத்தம்தான் கேட்டுது."

"அப்ப ஏன் அப்பிடிச் சொன்னீங்க?"

"சொல்லலைன்னா என்னையும் சேத்துத் தூக்குல போட்டிருவாங்களாம்."

"இப்ப போயி பாக்கலைன்னு சொன்னா?"

"அப்பவும் அதேதான். மன்னிப்பு போயிரும்."

 முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். வார்டர் திரும்பி வருவதைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி, "சொன்னதையே சொல்லிருங்க. அவியளுக்குப் பாரிஸ்டர் இருக்காரு, ஊரு இருக்கு. எப்பிடியும் தப்பிச்சிருவாவ. நமக்கு யாரு இருக்கா? எனக்கு நீங்க வீட்டுக்கு வரணும். பதரு தெனமும் கேக்குதா" என்றாள்.

"சரி" என்றார் அல்லாபிச்சை. அந்த நிமிஷத்தில் அவர் அதை மனதாரத்தான் சொன்னார்.

செஷன்ஸ் கோர்ட்டில் விசாரணை தொடங்கிய அன்று, போலீஸ் கயிறு கட்டித்தான் கூட்டத்தை நிறுத்த முடிந்தது. செண்பகராஜ் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, நெற்றியில் திருநீற்றுடன் குற்றம் சாட்டப்பட்டவர்கள் நிற்கும் கூண்டில் ஏறினார். கொஞ்சம் இளைத்திருந்தார். பக்கத்தில் சுந்தரபாண்டி. கோர்ட்டு வழக்கப்படி முதல் எதிரி, இரண்டாம் எதிரி என்றுதான் அவர்களைக் குறிப்பிட்டார்கள். அல்லாபிச்சையின் முறை வந்தபோது அவரைப் பின்வாசல் வழியாகக் கொண்டுவந்தார்கள். சாட்சிக் கூண்டில் நின்று பார்த்தால் செண்பகராஜின் முகம் நேரே தெரிந்தது. அந்த முகம் ஒரு தடவைகூட இவர் பக்கம் திரும்பவில்லை.

சர்க்கார் வக்கீல் நல்ல உயரம், கனத்த குரல். குளத்தூரில் புறப்பட்டதிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தார். அல்லாபிச்சையும் சொல்லிக்கொண்டு வந்தார். மழை, வண்டிப் பாதை, சக்கரம் புதைந்தது, சண்டை. எல்லாம் மனப்பாடம். உண்மை முடிந்து பொய் தொடங்கும் இடம்கூட இப்போது அவருக்குத் தடுக்கவில்லை.

"சண்டையின்போது நீங்கள் எங்கே நின்றீர்கள்?"

"வண்டிக்குப் பின்னால நின்னேன்."

"அடித்தது யார்?"

"அவரு. செண்பகராஜ்."

கோர்ட்டுக்குள் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. சர்க்கார் வக்கீல் மேஜை மேலிருந்த ஜாக்கிக் கம்பியை எடுத்தார். அதில் சிவப்பு அரக்கு முத்திரையோடு ஒரு சீட்டுத் தொங்கியது. சேவகன் அதை வாங்கிக்கொண்டு வந்து அல்லாபிச்சையின் கையில் கொடுத்தான்.

"இந்தக் கம்பிதானே? முதல் எதிரி இதை எந்தக் கையில் பிடித்திருந்தார், எப்படி ஓங்கினார் என்று கோர்ட்டாருக்குச் செய்து காட்டுங்கள்."

இதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. கம்பியை வலது கையில் பிடித்தார். வருஷக்கணக்காகத் தினமும் பிடித்த கம்பி. ஓங்குவதற்குக் கையை உயர்த்தினார். தோளுக்கு மேல் கை போகவில்லை. இடது கைக்கு மாற்றிப் பார்த்தார். எந்தக் கை, எவ்வளவு உயரம், எங்கே நின்று, எந்தப் பக்கமாக? அவர் கண்ணுக்குள் தேடினார். அங்கே சக்கரமும் சேறும் பருத்திமாரும்தான் இருந்தன. வாயால் சொன்னது ஒரு பொய். கையால் செய்து காட்ட, அடிக்கிற ஒரு ஆளை முழுசாக உருவாக்க வேண்டியிருந்தது. அந்த ஆள் அடிக்காதவராகவும் இருந்திருக்கலாம்.

"ஏன் நிறுத்திவிட்டீர்கள்?"

அல்லாபிச்சை கம்பியைக் கூண்டின் விளிம்பில் மெதுவாக வைத்தார்.

"நான் பாக்கல ஐயா."

சர்க்கார் வக்கீல் அவரையே பார்த்தார். நீதிபதி பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"என்ன சொன்னாய்?"

"யாரு அடிச்சான்னு நான் பாக்கல. சக்கரத்துக்கு அடியில படுத்திருந்தேன். ரெண்டு அடி விழுந்த சத்தம் கேட்டுது. பெறகு செண்பகராஜ் குரலு கேட்டுது. 'போதும்டே, விடு'ன்னாங்க. எந்திரிச்சுப் பாத்தா அவரு கிடந்தாரு. காலைப் பிடிக்கச் சொன்னாங்க. பிடிச்சேன். இவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

 கூட்டத்துக்குள் சேக் முகம்மதுவுக்குப் பக்கத்தில் ஜரினா நின்றிருந்தாள். முக்காட்டின் முனையை வாயில் அடைத்துக்கொண்டு அவள் தலையைக் குனிவதை அவர் பார்த்தார். அதன் பிறகு அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

சர்க்கார் வக்கீல் அவரைப் பிறழ்சாட்சியாக அறிவிக்கச் சொல்லிக் கேட்டார். கீழ்க்கோர்ட்டில் சத்தியம் செய்து சொன்னது பொய்யா, இப்போது சொல்வது பொய்யா, எவ்வளவுக்கு விலை போனாய் என்று பகல் முழுவதும் கேட்டார். அப்புறம் செண்பகராஜின் பாரிஸ்டர் எழுந்தார். இவருக்கு உதவி செய்வார் என்று கூட்டம் நினைத்தது. அவரோ, "நீர் ஒரு தடவை பொய்ச் சத்தியம் செய்தவர், ஒப்புக்கொள்கிறீரா?" என்று மட்டும் கேட்டு, ஒப்புக்கொண்டதும் உட்கார்ந்துவிட்டார்.

வாதத்தில் "போதும்டே, விடு" என்ற இரண்டு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இரு தரப்பும் இழுத்தன. அடித்து முடித்துத் திருப்திப்பட்டவன் சொல்லும் சொல் அது, கூட்டாகச் செய்த கொலைக்கு அதுவே சாட்சி என்றார் சர்க்கார் வக்கீல். அடிப்பவனைத் தடுப்பவன் சொல்லும் சொல் அது என்று சுந்தரபாண்டியைக் கைவிட்டுவிட்டார் செண்பகராஜின் பாரிஸ்டர். அப்படி ஒரு சொல்லே சொல்லப்படவில்லை, பொய்யனின் கற்பனை என்றார் சுந்தரபாண்டியின் வக்கீல். அல்லாபிச்சைக்கு மட்டும் அந்தக் குரல் அப்படியே காதில் இருந்தது. அதில் திருப்தி இருந்ததா, தடுப்பு இருந்ததா என்று அவராலும் சொல்ல முடியவில்லை.

நீதிபதி தீர்ப்பில், குற்றத்தில் பங்குள்ளவனின் சாட்சியை வேறு ஆதாரம் இல்லாமல் ஏற்பதே ஆபத்து, அதிலும் இரண்டு கோர்ட்டில் இரண்டு விதமாகச் சத்தியம் செய்தவனை நம்பி ஒருவரையும் தண்டிக்க முடியாது என்று எழுதினார். கண்ணால் பார்த்தவர் வேறு யாரும் கிடையாது. காரிலும் கம்பியிலும் இருந்த தடயத்தை மழை கழுவிவிட்டது. இருவரும் விடுதலை.

கோர்ட்டு வாசலில் செண்பகராஜைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். மாலைகள் விழுந்தன. பின்வாசலில் அல்லாபிச்சையை வேனில் ஏற்றும்போது அங்கும் கொஞ்சம் பேர் ஓடி வந்தார்கள். கல் விழப்போகிறது என்று தலையைக் குனிந்தார். "அல்லாபிச்சை அண்ணாச்சி வாழ்க" என்று கத்தினார்கள். வேன் கதவைச் சாத்திப் பூட்டினார்கள்.

விசாரணை முடிந்தது, இனி வீட்டுக்குப் போகலாம் என்று அவர் நினைக்கவில்லை. அதற்குள் சட்டம் கொஞ்சம் பழகியிருந்தது. மன்னிப்பின் நிபந்தனையை மீறிவிட்டார் என்று சர்க்கார் வக்கீல் சான்று எழுதிக் கொடுத்தார். அதே பூவனலிங்கத்தைக் கொன்றதாக அல்லாபிச்சை மேல் தனி வழக்கு வந்தது.

அந்த வழக்குக்குக் கூட்டம் வரவில்லை. கோர்ட்டார் கொடுத்த வக்கீல் ஒரு இளைஞர். நல்லவர். உண்மையைச் சொன்னதற்காகவா மன்னிப்பை ரத்து செய்வது, எது உண்மை என்று முடிவு செய்யும் அதிகாரம் சர்க்கார் வக்கீலுக்கா என்று உருக்கமாகக் கேட்டார். கேள்வியில் நியாயம் இருப்பதாக நீதிபதியும் சொன்னார். ஆனாலும் மாஜிஸ்திரேட்டிடம் கைநாட்டு வைத்த வாக்குமூலத்தைப் படித்தார்கள். அதில் அடித்தது யார் என்பது பொய்யாகிவிட்டது. காலைப் பிடித்துத் தூக்கினேன் என்பது இரண்டு தடவையும் மாறவில்லை. கொலைக் குற்றம் நிரூபணமாகவில்லை என்று விட்டுவிட்டு, கொலையை மறைத்த குற்றத்துக்கு மூன்று வருஷம் கடுங்காவல் கொடுத்தார்கள்.

"இவர் ஏற்கெனவே சிறையிலிருந்த காலத்தைத் தண்டனையில் கழிக்க வேண்டுகிறேன்" என்றார் இளம் வக்கீல்.

"அதற்குச் சட்டத்தில் இடமில்லை" என்றார் நீதிபதி. "அது தண்டனை அல்ல. சாட்சியாக வைத்திருந்த காலம்." சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பூவனலிங்கம் கொலையில் தண்டனை அடைந்தவர் அல்லாபிச்சை ஒருவர்தான்.

ஜரினா வெகு நாள் ஜெயிலுக்கு வரவில்லை. கடைசியில் வந்தபோது வலைக்கு அப்பால் நின்று, "உங்க மேல எனக்குக் கோவம் போகல" என்று சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசினாள். பதரு பெரிய வகுப்புக்குப் போய்விட்டதைச் சொன்னாள். அண்ணன் வீட்டில் மதினியோடு படுகிற பாட்டைச் சொல்லவில்லை. அது அவருக்குத் தானாகத் தெரிந்தது. கடுங்காவலில் அவருக்கு வேலை கிடைத்தது, பேச்சுத் துணைக்கு ஆட்களும் கிடைத்தார்கள். மன்னிப்பில் இருந்ததைவிடத் தண்டனையில் இருந்தது தேவலை என்று ஒருமுறை அவரே சொல்லியிருக்கிறார்.

வெளியே வந்தபோது பழைய கார் கைமாறிப் போயிருந்தது. டாக்ஸி ஸ்டாண்டில் டீ வாங்கிக் கொடுத்தார்கள், வண்டி கொடுக்க ஆளில்லை. பருத்தி அரவை மில் ஒன்றில் லாரி ஓட்டும் வேலை கிடைத்தது. கோவில்பட்டியிலேயே வேறொரு தெருவில் வீடு பிடித்து ஜரினாவையும் மகளையும் கூட்டிவந்தார். ஜரினாவுக்கு மறுபடியும் பெட்டி கொடுத்தார்கள்.

ஊர் அவரை விடவில்லை. செண்பகராஜ்தான் கொன்றார் என்று நம்பியவர்கள், பணத்தை வாங்கிக்கொண்டு பல்டி அடித்தவன் என்றார்கள். இல்லை என்று நம்பியவர்கள், முதலில் போலீசுக்கு விலை போனவன்தானே என்றார்கள். கிளீனர்கள், டீக்கடைக்காரர்கள், லோடு ஏற்றுகிறவர்கள் எல்லாரும் சமயம் பார்த்து அருகே வந்து, "அண்ணாச்சி, எங்கிட்டயாவது சொல்லுங்க. யாருதான் அடிச்சது?" என்று கேட்பார்கள். தெரியாது என்பார். சிரிப்பார்கள். அவருக்குத் தெரியும் என்பதில் மட்டும் ஊர் முழுக்க ஒரே கருத்து. செண்பகராஜின் புதுப்படம் ஓடும்போதெல்லாம் இந்தக் கேள்வி கூடும். செண்பகராஜ் பிறகு நாடகத்துக்குத் தெற்கே வரவே இல்லை.

ஒரு கோடை நாள் மத்தியானம், மில் வாசலில் லோடுக்காகக் காத்திருந்தபோது ஒரு பெண் வந்து நின்றாள். வெயிலில் கறுத்த முகம், வெள்ளைச் சேலை. கையும் காலும் உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுடையதைப் போல வெடித்திருந்தன. கோர்ட்டில் பார்த்த முகம். பூவனலிங்கத்தின் மனைவி சங்கரம்மாள்.

அல்லாபிச்சை லாரி நிழலிலிருந்து எழுந்து நின்றார். என்ன சொல்வதென்று தெரியாமல், "தங்கச்சி, யாரு அடிச்சாங்கன்னு எனக்கு நெசமாவே…" என்று ஆரம்பித்தார்.

"அதைக் கேக்க வரல அண்ணாச்சி. ரெண்டு பேர்ல யாரா இருந்தா எனக்கென்ன." அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். "நீங்க காலைப் பிடிச்சுத் தூக்கும்போது அவியளுக்கு உசிரு இருந்துச்சா?"

எத்தனை வக்கீல்கள் எத்தனை நாள் அவரைக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். உடல் ஊறிப்போனதால் எப்படி உயிர் போனது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னதோடு அந்த விஷயத்தை எல்லோரும் விட்டுவிட்டார்கள். இந்தக் கேள்வியை இதுவரை அவரிடம் ஒருவரும் கேட்டதில்லை. அவர் மட்டும்தான் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தார்.

"தெரியல தங்கச்சி" என்றார். அவள் போகவில்லை. அவரால் அதோடு நிறுத்தவும் முடியவில்லை. "காலு சூடா இருந்துச்சு. மழையில எங் கையி விறைச்சுப் போயிருந்துச்சு. அதனால சூடாத் தெரிஞ்சுச்சோ என்னவோ. மூக்குல கை வச்சு நான் பாக்கல."

"பாத்திருக்கலாம்" என்றாள் சங்கரம்மாள்.

"பாத்திருக்கலாம்."

அவள் திட்டவில்லை, அழவும் இல்லை. கொஞ்ச நேரம் லாரிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "இம்புட்டாவது சொன்னீங்களே" என்று சொல்லிவிட்டு வெயிலில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள். கூடப் போய் பஸ் ஏற்றிவிடலாமா என்று அவருக்குத் தோன்றியது. கால் வரவில்லை.

வீட்டுக்குப் போனதும் ஜரினாவிடம் சொன்னார். சங்கரம்மாள் வந்தது, கேட்டது, சூடு, எல்லாம். ஜரினா ஒட்டிக்கொண்டிருந்த பெட்டியைக் கீழே வைக்கவில்லை. பசை காயும்வரை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இத்தன வருசமா இதையா உள்ள வச்சுக்கிட்டு இருந்தீங்க" என்றாள். பிறகு, "அந்தம்மா ஏதும் சாப்பிட்டுப் போச்சா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"ஒரு வாய் தண்ணி குடுத்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டியை எடுத்தாள்.

மறுநாள் விளாத்திகுளத்திலிருந்து பருத்தி ஏற்றி வர வேண்டியிருந்தது. பூவனலிங்கத்தை விட்ட ஓடையில் தண்ணீர் இல்லாத பருவம். அரசாங்கம் அந்த இடத்தில் பாலம் கட்டிவிட்டது. லாரி போக வேறு பாதை கிடையாது. அல்லாபிச்சை விடிந்ததும் கிளம்பி, அந்த வழியாகவே போய் லோடு ஏற்றிக்கொண்டு, அந்த வழியாகவே திரும்பி வந்தார்.